ரெக்கார்டின் உயிரைச் சிடியில் ஏற்றிப் பார்த்தேன்

"ரெக்கார்டில் கேட்டால்தான் பாட்டுக்கு உயிர் இருக்கும்." அப்பா இதை 30 ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். நான் சிடியோடு வளர்ந்தவன். அவர் சொன்னதை மறுத்ததும் இல்லை, முழுதாக நம்பியதும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு இசைத்தொகுப்பு மூன்று வடிவங்களில் இருக்கிறது. அப்பா வாங்கிய எல்பி ரெக்கார்டு, நான் வாங்கிய சிடி, இப்போது தொலைபேசியில் ஒலிக்கும் ஸ்ட்ரீமிங் பதிப்பு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முறையாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. ரெக்கார்டு பிளேயர் ஓடாமல் கிடந்ததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த முறை பிளேயரில் இருந்தே தொடங்கினேன்.

தட்டு சுழலும் கனமான வட்டைத் தூக்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. மோட்டாரையும் வட்டையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் உருகிய தார் போலாகி மோட்டாரின் சிறு சக்கரத்தில் அப்பியிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் ஒரே வளைவில் கிடக்கும் ரப்பருக்கு நேர்வது இதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சிகள் ஏறக்குறைய நாற்பது செலவாயின. சக்கரத்தில் துளி பிசின் மீதியிருந்தாலும் புது பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே ஒரு முறை இடறும். அந்த இடறல், நீட்டிப் பிடித்த சுரத்தில் நடுக்கமாகக் கேட்கும். அதனால் இதில் அவசரப்படவில்லை. நடுத்தண்டின் பேரிங்கில் இருந்த பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு இரண்டு துளி புது எண்ணெய் விட்டேன். பெல்ட்டை விரல் படாமல் பஞ்சுத்துணியால் பிடித்து மாட்டினேன்.

அடுத்தது வேகம். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டும். இதைப் பார்க்க ஸ்ட்ரோப் வட்டு என்று ஓர் அட்டை உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 180 கோடுகள் போட்ட வட்டு சரியான வேகத்தில் சுழன்றால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 216 கோடுகள். மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன், கோடே தெரியவில்லை. வட்டு வெறும் சாம்பல் நிறமாகச் சுழன்றது. அரை மணி நேரம் அட்டையைச் சந்தேகித்த பிறகுதான் புரிந்தது: அது எல்இடி விளக்கு. நல்ல எல்இடி துடிப்பதில்லை. பழைய நியான் இரவு விளக்கு ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் பிடித்ததும் கோடுகள் தோன்றின, சுழலும் திசையிலேயே மெல்ல நகர்ந்தன. அப்படியானால் வேகம் கூடுதல். மோட்டாரின் அடியில் உள்ள துளையில் சிறு திருப்புளியை விட்டுக் கால் திருகு திருப்பியதும் நின்றன. இதை அற்பம் என்று யாரும் விட்டுவிடக் கூடாது. வேகம் 1 சதவீதம் கூடினால் சுருதி 17 சென்ட் ஏறும், அதாவது ஓர் அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. "இந்தப் பதிப்பு இன்னும் பளிச்சென்று இருக்கிறது" என்று சிலர் மெச்சுவது வேகமாக ஓடும் மோட்டாரையாகவும் இருக்கலாம்.

பிறகு மின்சார வேலை. ஆம்பிளிஃபயரில் இணைத்ததும் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல், வலது பக்கத்தில் சத்தமே இல்லை. இரைச்சலுக்குக் காரணம் பிளேயரில் இருந்து வரும் மெல்லிய தரைக்கம்பி. அதை ஆம்பிளிஃபயரின் தரைத் திருகில் கட்டியதும் அடங்கியது. வலது பக்கம் செத்திருந்ததற்குக் காரணம், ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் நான்கு சிறு கம்பிகளில் ஒன்று. வெள்ளையும் நீலமும் இடதுக்கு, சிவப்பும் பச்சையும் வலதுக்கு. சிவப்புக் கம்பியின் முனைக் கவ்வி கறுத்துப்போயிருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டியதும் உயிர் வந்தது. இந்தக் கம்பிகளைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், உலோகக் கவ்வியைக் குறட்டால் பிடித்து நேராக உருவுங்கள். மயிரிழை போன்ற கம்பி அது. அறுந்தால் மறுபடி பற்றவைப்பது பெரும்பாடு.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எல்பியின் ஒரு பக்கம் என்பது ஒரே ஒரு நீண்ட பள்ளம். 22 நிமிடப் பக்கத்தில் ஊசி 733 சுற்றுப் போகிறது. சராசரி ஆரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பள்ளத்தின் நீளம் 470 மீட்டரைத் தாண்டும். அந்த அரைக் கிலோமீட்டரையும் வைரத்துண்டு ஒன்று இழுத்துக்கொண்டே போகிறது. வைரமும் தேயும். பழைய ஊசியை 40 மடங்கு பெரிதாக்கும் சிறு கண்ணாடியில் பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய முனையின் இரு பக்கமும் சப்பையாகி, விளக்கொளியில் இரண்டு சிறு கண்ணாடித் துண்டுகள் போல மின்னின. அப்படிப்பட்ட ஊசி பாட்டை மட்டும் கெடுப்பதில்லை, பள்ளத்தின் சுவரையே உளி போலச் செதுக்கிவிடும். யோசிக்காமல் புது ஊசி வாங்கினேன், நீள்வட்ட முனை உள்ளது.

அதை அமர்த்துவதற்கு ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. ஊசிக் கை ஓர் அச்சில் ஊசலாடுகிறது. ஆனால் தட்டை வெட்டிய கருவியின் ஊசி நேர்கோட்டில் நகர்ந்தது. ஆகவே தட்டின் இரண்டே இடங்களில்தான் நம் ஊசி பள்ளத்துக்குத் துல்லியமான தொடுகோடாக நிற்க முடியும். வழக்கமான அமைப்பில் அந்த இடங்கள் நடுப்புள்ளியில் இருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் வரும். அளவுத்தாளை நடுத்தண்டில் மாட்டி, இரண்டு இடத்திலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்கும்வரை திருகுகளைத் தளர்த்தி, நகர்த்தி, இறுக்கி, மறுபடி தளர்த்தி... ஒன்றில் சரியானால் இன்னொன்றில் தவறும். ஐந்தாவது முறை பிடிபட்டது. ஊசியின் அழுத்தத்தைச் சிறு டிஜிட்டல் தராசில் 1.8 கிராமுக்கு வைத்தேன். "லேசாக வைத்தால் தட்டு தேயாது" என்பது பலருடைய நம்பிக்கை. அது தவறு. அழுத்தம் குறைந்தால் ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் சுவரில் மோதி மோதிப் போகும், அதில்தான் சேதம் கூடுதல். கார்ட்ரிட்ஜ் தயாரித்தவர் சொன்ன எல்லைக்குள் நடுவிலோ சற்று மேலோ வைப்பதே நல்லது.

தட்டுகளைக் கழுவியது எளிது. காய்ச்சி வடித்த நீர், அதில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு துளி சோப்புத் திரவம். மென்தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் நீரில் இரண்டு முறை அலசி, நிறுத்திக் காயவைத்தேன். ஓர் எச்சரிக்கை: 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுகளில் ஆல்கஹால் படவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும்.

இனி ஒலிப்பதிவு. முதல் நாள் ஒரு பிழை செய்தேன். பிளேயரின் கம்பியை, கணினிக்காக ஒலியை எண்களாக்கித் தரும் ஒலிப்பெட்டியில் (ஆடியோ இன்டர்ஃபேஸ்) நேரடியாகச் செருகிப் பதிவுசெய்தேன். தகரத்தைத் தட்டுவது போல வந்தது, அடிச்சுரமே இல்லை. தட்டை வெட்டும்போது அடிச்சுரங்களைக் குறைத்தும் மேல்சுரங்களைக் கூட்டியும்தான் வெட்டுவார்கள். அடிச்சுரத்தை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று ஆடி அடுத்த பள்ளத்தில் இடிக்கும். மேல்சுரத்தைக் கூட்டாவிட்டால் தட்டின் உராய்வு இரைச்சலில் அது மூழ்கிவிடும். இந்தக் கூட்டல் குறைத்தலுக்கு 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ வகுத்த வளைகோடுதான் பிறகு எங்கும் நிலைத்தது. ரெக்கார்டு பிளேயருக்கென்றே உள்ள ஃபோனோ பிரீஆம்ப் என்ற முன்பெருக்கி அதைத் தலைகீழாக்கித் தருகிறது. 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 10 மடங்கு கூட்டுகிறது, 20 கிலோஹெர்ட்ஸில் பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. கார்ட்ரிட்ஜ் தரும் சில மில்லிவோல்ட்டையும் அதுதான் உயர்த்திவிடுகிறது. ஆம்பிளிஃபயரில் "ஃபோனோ" என்று தனித் துளை இருப்பது இதற்காகத்தான்.

அதை நடுவில் வைத்து மறுபடி பதிவுசெய்தேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் (அதாவது ஒலியை நொடிக்கு 96,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாக எழுதுவது), உச்ச ஒலி மேல்வரம்புக்கு 6 டெசிபெல் கீழே நிற்கும்படி. இரண்டாவது பிழை அதற்குப் பிறகு. ஆடாசிட்டி மென்பொருளில் "கிளிக்" நீக்கும் கருவியை முழு வீச்சில் ஓடவிட்டேன். பொரிச் சத்தம் போனது. கூடவே தோல்வாத்தியத்தில் விரல் விழும் முதல் அறையும் போனது, பாடகியின் "த", "க" எல்லாம் மழுங்கின. கருவிக்குக் கீறலும் தாளத்தின் முனையும் ஒன்றுதான், இரண்டுமே திடீர் முள். அந்தக் கோப்பை அழித்துவிட்டு, பெரிய பொரிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்தினேன். ஒரு பக்கத்துக்கு 2 மணி நேரம். வேறு குறுக்குவழி எதையும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

சிடியை எடுத்தேன். எனக்கே வியப்பாக இருந்தது: 20 ஆண்டுக்கு மேல் பழையது, அடிப்பக்கம் முழுவதும் கீறல், ஆனாலும் ஒரே ஒரு பாட்டைத் தவிர அனைத்தும் பிழையின்றி இறங்கின. வேறு பலர் தங்கள் சிடியில் இருந்து எடுத்த பிரதிகளின் சரிபார்ப்பு எண்களோடு ஒப்பிடும் வசதி மென்பொருளில் இருக்கிறது, எண்கள் பொருந்தின. அடிப்பக்கக் கீறலைத் தாங்க சிடிக்கு இரண்டு காப்புகள். தகவல் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்டுக்கு அப்பால், பெயர் அச்சிட்ட பக்கத்தை ஒட்டி இருக்கிறது. லேசரின் குவியம் அங்கே விழுவதால் மேற்பரப்புத் தூசி அதற்கு மங்கலாகத்தான் தெரியும். அதையும் மீறி விட்டுப்போன பிட்டுகளைப் பிழைதிருத்தக் குறியீடு கணக்குப் போட்டு மீட்டுவிடுகிறது. இறங்க மறுத்த பாட்டின் சிக்கல் மேல்பக்கத்தில்தான் இருந்தது. விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது ஊசித்துளை போல ஒளி தெரிந்தது. அந்த இடத்தில் அலுமினியப் பூச்சே உரிந்துவிட்டது, இனி யாரும் மீட்க முடியாது. சிடியை மேசையில் கவிழ்த்து வைத்தால் கீழே படுவது அந்தப் பூச்சுப் பக்கம்தான். நாம் பயந்து காப்பாற்றுவதோ மறுபக்கத்தை. துடைக்கும் முறையும் எல்பிக்கு நேர் எதிர்: நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் தகவல் ஓடும் போக்கிலேயே நீண்ட கீறல் விழும், நீண்ட கீறலைப் பிழைதிருத்தம் தாங்காது.

இப்போது அப்பாவின் உயிர்க் கேள்வி. எல்பியையும் சிடியையும் மாற்றி மாற்றிக் கேட்டால் இரண்டும் வேறு என்று யாரும் சொல்லிவிடலாம், பொரிச் சத்தமே காட்டிக்கொடுக்கும். நான் கேட்க விரும்பியது வேறு: ரெக்கார்டில் இருக்கும் எதையாவது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்ற சிடியின் அளவு தொலைக்கிறதா? அதற்காக இப்படி இணைத்தேன். ஃபோனோ பிரீஆம்பில் இருந்து வரும் ஒலியை இரண்டாகப் பிரித்தேன். ஒரு கிளை நேராக ஆம்பிளிஃபயருக்கு. இன்னொரு கிளை ஒலிப்பெட்டிக்குள் போய் சிடியின் அளவுக்கு எண்களாகி, அங்கேயே மறுபடி ஒலியாகி வெளியே வரும். நடுவில் ஒரு மாற்றுப் பொத்தான். தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டுக்கும் இடையே மாறலாம். பொரி, நடுக்கம், ஊசி எல்லாம் இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது எண்ணாக்கம் மட்டும்.

இதில் ஒலியளவைச் சமன் செய்வதுதான் உயிர்நாடி. அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதை நம் காது "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லும். சோதனைத் தட்டில் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, மல்டிமீட்டரில் இரு கிளைகளின் வோல்ட்டும் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்வரை திருப்பினேன். அது ஏறக்குறைய 0.1 டெசிபெல்.

மகள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நாணயம் சுண்டிப் பொத்தானை வைத்தாள். நான் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக் கேட்டு, இது நேர்வழியா எண்வழியா என்று சொல்ல வேண்டும். மொத்தம் 16 முறை. சும்மா ஊகித்தாலே சராசரியாக 8 சரியாகும். 12 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் காது எதையோ பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் குருட்டு ஊகத்தில் அப்படி வர 4 சதவீத வாய்ப்புக்கூட இல்லை. நான் முழு கவனத்தோடு கேட்டேன். நான்கைந்து இடங்களில் எனக்கு ஐயமே இல்லை, இது நேர்வழிதான் என்று உறுதியாகச் சொன்னேன்.

"ஒன்பது சரி அப்பா" என்றாள் மகள். உறுதியாகச் சொன்னவற்றில் இரண்டு தவறு.

அப்பா உட்கார்ந்தார். அவசரமே படாமல், சில இடங்களில் ஒரு பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார். அவருக்கு 7. நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்படியானால் எனக்குப் பிடித்தது அந்தத் தட்டில் இருப்பதுதான், இல்லையா? அதை எதில் ஊற்றி வைத்தாலும் அப்படியே இருக்கிறது." நான் இரண்டு வாரம் கம்பியோடு போராடி எட்டிய இடத்துக்கு அவர் ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டார்.

இதே வகைச் சோதனையை மேயர், மோரன் என்ற இருவர் பலரை வைத்துச் செய்து, 2007-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது எல்பியை அல்ல, அதைவிட நுட்பமான உயர்தர டிஜிட்டல் தட்டுகளை. அங்கும் சாதாரண ஒலியளவில் கேட்டவர்களின் விடை ஊகத்தைத் தாண்டவில்லை. காரணம் விளங்காததல்ல. மிக நல்ல எல்பியிலும் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே 60 முதல் 70 டெசிபெல்தான் இடம், 16 பிட்டில் 96. தட்டின் இரைச்சலே 16 பிட்டின் இரைச்சலைவிட வெகு மேலே இருக்கிறது. எண்ணாக்கினால் அலை படிக்கட்டாகிவிடும் என்ற படத்தையும் பலர் நம்புகிறார்கள். அலையைத் திரையில் வரைந்து காட்டும் இரவல் ஆசிலோஸ்கோப் ஒன்றில் 10 கிலோஹெர்ட்ஸ் அலையை அந்த எண்வழியில் விட்டுப் பார்த்தேன். போனது போலவே வழவழப்பாக வந்தது. ஒன்றை மறைக்கக் கூடாது: ஊசியைத் தூக்கிவிட்டு ஒலியளவை முழுவதும் திருப்பினால், பொத்தானை மாற்றும்போது இரைச்சலின் தன்மை சற்று மாறுவது கேட்டது. அந்த ஒலியளவில் பாட்டைப் போட்டால் ஸ்பீக்கர் கிழியும்.

அப்படியென்றால் அப்பாவுக்கு என் சிடியும் ஸ்ட்ரீமிங்கும் ஏன் பிடிக்கவில்லை? மூன்று கோப்புகளின் அலைவடிவத்தையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். எல்பியில் இருந்து வந்தது மலைத்தொடர் போல ஏறி இறங்கியது. சிடியும் ஏறக்குறைய அப்படியே, அடிச்சுரம் மட்டும் சற்றுக் குறைவு. ஸ்ட்ரீமிங் பதிப்பு, பின்னாளில் "புதுப்பிக்கப்பட்டது", செங்கல் போல இருந்தது. உச்சிகள் எல்லாம் ஒரே உயரத்தில் சீவப்பட்டு, சராசரி ஒலி மற்ற இரண்டையும்விட 7 டெசிபெல் மேலே. 1990-களில் தொடங்கிய உரத்த ஒலிப் போட்டி செய்த வேலை இது. ஸ்ட்ரீமிங் சேவைகள் பல இப்போது ஒலியளவைச் சமன் செய்து ஒலிக்கின்றன. ஆனால் சீவிய உச்சி திரும்பி வராது. பாடகி மெல்லிய குரலில் தொடங்கி உயரும் இடத்தில் எல்பியிலும் சிடியிலும் உடல் சிலிர்க்கிறது. செங்கல் பதிப்பில் அவர் தொடக்கத்திலேயே உரக்கப் பாடுகிறார், பிறகு உயர இடமில்லை. டிஜிட்டலுக்கு எல்பியைவிடப் பெரிய மலையைத் தாங்கும் வசதி இருந்தும் அதைச் சமவெளியாக்கினார்கள். இதை எண்ணும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சிடியோடு மட்டும் ஒப்பிட்டபோது, ஒலியளவைச் சமன் செய்த பின் எல்பி ஓர் இடத்தில் தெளிவாகத் தோற்றது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும். விளிம்பில் பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே போகப் போக 21 ஆகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. புது ஊசியிலும் "ஸ" சற்றுச் சீறுகிறது. சிடியில் கடைசிப் பாட்டும் முதல் பாட்டும் ஒன்று போலத்தான். எம்பி3-யையும் சோதித்தேன்: நொடிக்கு 320 கிலோபிட்டில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, 128-இல் சிம்பலின் ஓசை தண்ணீரில் நனைந்தது போலக் கேட்டது, 16-க்கு 14.

வேலையின் பலனாக என் பழக்கத்தில் மாறியது இவ்வளவுதான்: இனி ஒரு தொகுப்பை வாங்கும்முன் எந்த வடிவம் என்று கேட்பதில்லை, எந்த ஆண்டின் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீரமைப்பது) என்று பார்க்கிறேன். எல்பியில் இருந்து எடுத்தவற்றை 24 பிட்டில் திருத்தி முடித்து, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் கோப்பாகச் சேமிக்கிறேன். இழப்பில்லாத சுருக்கம், ஒவ்வொரு பிட்டும் அப்படியே திரும்பக் கிடைக்கும். அப்பா அந்தக் கோப்புகளைத் தொலைபேசியில் கேட்கிறார், மாலையில் தட்டையும் போடுகிறார்.

அவருடைய பெட்டியில் நான்கு தட்டுகள் சிடியாகவும் வரவில்லை, எந்த ஸ்ட்ரீமிங் சேவையிலும் இல்லை. அடுத்து அவைதான். மூன்றைக் கழுவிவிட்டேன். நான்காவது வெயிலில் கிடந்து கிண்ணம் போல வளைந்திருக்கிறது. இரண்டு தடித்த கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, மேலே புத்தகங்களை அடுக்கி, அறை வெப்பத்திலேயே விட்டிருக்கிறேன். சூடாக்கிச் சீக்கிரம் நிமிர்த்தலாம், ஆனால் பள்ளம் இளகிவிடும். அதற்கு வேறு பிரதி இல்லை என்பதால் காத்திருக்கிறேன்.